மூன்றாவது இன்புட்

எங்கள் கோவிலுக்குப் புது ஒலிபெருக்கி வந்த அன்றே அதற்கும் எனக்கும் சண்டை ஆரம்பித்துவிட்டது. வில்லியனூரிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே உள்ளே தள்ளியிருக்கும் சின்னக் கத்தோலிக்கப் பங்கு எங்களுடையது. கோவிலில் கீபோர்டு வாசிப்பவள் நான். என் நாற்காலிக்குக் கையெட்டும் தூரத்தில்தான் அந்தக் கறுப்புப் பெட்டியை வைத்தார்கள். முகப்பில் ஒரு குட்டித் திரை, ஒரு திருகு, அவ்வளவுதான். டிஜிட்டல் ப்ராசஸர் என்று பெயர். மைக்கில் யார் பேசினாலும் அது முதலில் இந்தப் பெட்டிக்குள் போகும். பெட்டி பார்த்து, சரி போ என்று விட்டால்தான் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பீக்கர்களுக்கு வரும். பின்பக்கம் நான்கு இன்புட். ஒன்றில் வாசக மேடை மைக், இரண்டில் பீடத்து மைக், மூன்றில் என் கீபோர்டு, நான்கில் பாடகர் குழுவின் மைக்.

பொருத்த வந்தவர் புதுச்சேரிக் கடை ஒன்றில் வேலை செய்பவர். வாசக மேடையில் ஏறி நின்று, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் இறங்கியதும் பங்குப் பேரவைச் செயலாளர் ஏறி அதைவிடக் கத்தினார். எங்கள் பக்கத்தில் மைக்கைச் சோதிப்பதென்றால் அப்படித்தான். மைக்கின் முன்னால் நின்று யாரும் மெதுவாகப் பேசிச் சோதித்து நான் பார்த்ததே இல்லை. அந்தக் கத்தலை அளவாக வைத்துக்கொண்டு, பொருத்த வந்தவர் எல்லா இன்புட்டிலும் கேட் என்று ஒன்றைப் போட்டார். சத்தம் ஒரு அளவுக்கு மேல் இருந்தால் அந்தக் கேட் திறக்கும். அதற்குக் கீழே இருந்தால் வெறும் இரைச்சல் என்று நினைத்து உள்ளேயே அமுக்கிவிடும்.

செயலாளர் எல்லா மின்விசிறிகளையும் ஓடவிட்டு, ஒரு ஸ்பீக்கருக்குக் கீழே போய்க் காதைக் கொடுத்தார். "பாத்தீங்களா அண்ணி, ஃபேன் சத்தம் ஒரு பொட்டு கேக்கல" என்று என்னிடம் சொன்னார். என் கணவரை அவர் அண்ணன் என்று கூப்பிடுவதால் எனக்கு அண்ணிப் பட்டம். வேலையை முடித்தது தாம்தான் என்பதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொரு ஸ்பீக்கரின் கீழும் போய் நின்று வந்தார்.

நான் கீபோர்டில் ஒரு பாட்டை வாசித்துப் பார்த்தேன். பாட்டு முடியும்போது கடைசிச் சுரம் மெல்லக் கரைய வேண்டும். கரைவதற்குள் கேட் படாரென்று சாத்திக்கொண்டது. மறுபடி வாசித்தேன். மறுபடியும் அதே கதை.

"இது புரொஃபஷனல் செட்டிங்க்கா" என்றார் பொருத்த வந்தவர்.

"அப்ப நீங்களே உக்காந்து வாசிங்க" என்று எழுந்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற எங்கள் பங்கு ஃபாதர் சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் முனகிக்கொண்டே அந்த மனிதர் மூன்றாவது இன்புட்டின் கேட்டை மட்டும் எடுத்துவிட்டார். "மூணாவது உங்களுது. கெயின ஏத்துறதோ எறக்குறதோ நீங்களே பாத்துக்குங்க. மத்ததுல யாரும் கை வெக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மற்ற மூன்றுக்கும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டுப் போனார். திரையில் அந்த மூன்று இன்புட்டுக்கும் பக்கத்தில் ஒரு பூட்டுப் படம் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்று அது எனக்கு வெற்றியாகத்தான் பட்டது.

இனி என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கரும்பு வைத்திருக்கிறார். முன்பெல்லாம் கரும்புக்கொல்லையின் இந்தக் கோடியில் நின்று, அந்தக் கோடியில் மோட்டார்க் கொட்டகையில் இருப்பவருக்கு "மோட்டார நிறுத்து" என்று குரல் கொடுப்பார். பக்கத்து நிலத்துக்காரர்கூடத் தன் மோட்டாரை நிறுத்திவிடுவார். பெரிய வெள்ளியன்று கோவிலில் இயேசுவின் பாடுகளின் வரலாறு வாசிக்கும்போது, நடந்ததைச் சொல்லிக்கொண்டு போகும் நீண்ட பகுதி எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவருடையதுதான். இயேசு பேசுவதை ஃபாதர் வாசிப்பார், மற்றவர்கள் பேசுவதைப் பாடகர் குழுவில் ஒருவர் வாசிப்பார். மற்ற நாளில் கோவிலின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள், அந்த ஒரு நாள் முன்னால் வந்து நிற்பார். வருஷம் முழுவதும் அவர் கேட்டு வாங்கிக்கொள்வது அது ஒன்றுதான்.

போன வருஷம் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். குரல் கொஞ்சம் போகலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். போயிற்று. இப்போது அவர் பேசினால் பாதி காற்று, பாதி குரல். வீட்டில் மிக்ஸி ஓடினால் பேச மாட்டார். மாட்டைக் கூப்பிட வாளியைத் தட்டுகிறார். தவக்காலம் நெருங்கும்போது ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "இந்த வாட்டியும் நான்தான் படிக்கப் போறேன்" என்றார். நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சரி என்றேன். அவரிடம் வேறு என்ன சொல்வது?

செயலாளருக்கு அது பிடிக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் அவருக்கு. "அண்ணனுக்கு எதுக்கு வீண் கஷ்டம்? யாரோ அருமையா படிச்ச ரெக்கார்டிங் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. பென்டிரைவ்ல போட்டுட்டா கணீர்னு கேக்கும்" என்றார். ஃபாதர் நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னார். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளுக்கான சிந்தனைகளை என் கணவர் வாசிக்கட்டும். கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்டால் பெரிய வெள்ளியும் அவருக்கே, கேட்காவிட்டால் பென்டிரைவ்.

முதல் வெள்ளிக்கிழமை அவர் வாசக மேடையில் நின்று வாயைத் திறந்தார். ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. உதடு அசைகிறது, புத்தகத்தில் கண் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. அவர் மைக்கைத் தட்டினார். தட்டியது மட்டும் டொக்கென்று எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. அந்தப் பெட்டி அவர் குரலை ஃபேன் சத்தத்தோடு சேர்த்துக் கணக்குப் பண்ணிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். கோவிலில் கிணறு இல்லை.

அடுத்த நாளிலிருந்து நான் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். மைக்கின் மேலிருந்த பஞ்சு உறையைக் கழற்றினேன். வேறு மைக் மாற்றினேன். எல்லாவற்றுக்கும் பொதுவான வால்யூமை ஏற்றினேன். மற்றவர்கள் பேசினால் காது அடைத்தது, அவருக்கு மட்டும் கேட் திறக்கவில்லை. பாஸ்வேர்டு என்னவாக இருக்கும் என்று யோசித்து நான்கு சைபர் போட்டேன், ஒன்று இரண்டு மூன்று நான்கு போட்டேன், எங்கள் திருவிழாத் தேதியைப் போட்டேன், பொருத்தியவரின் போன் எண்ணில் கடைசி நான்கைப் போட்டேன். தப்பு, தப்பு என்று பெட்டி ஒவ்வொரு முறையும் கீச்சிட்டது. அதுகூட என்னைக் கேலி செய்வதுபோல் இருந்தது.

பொருத்தியவருக்குப் போன் செய்தேன்.

"பாஸ்வேர்டு எங்க ஓனர்கிட்டதான் இருக்குதுக்கா."

"அவர கேட்டுச் சொல்லுங்க."

"அவரு ஊர்ல இல்ல. ஆனா கேட்ட எடுத்தா ஃபேன் சத்தம் வரும். அப்புறம் கொற சொல்லக் கூடாது."

"ஒரு மனுஷன் பேசுறது கேக்க மாட்டேங்குது. ஃபேன் சத்தம் வந்தா இன்னா இப்ப?"

"அவர கொஞ்சம் சத்தமா பேசச் சொல்லுங்கக்கா" என்றார்.

போனை வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் கோவில் வளாகத்தில் பேசக்கூடாததைப் பேசியிருப்பேன். என் கணவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "இன்னா சொல்றான்?" என்று கேட்டார். ஓனர் ஊரில் இல்லையாம் என்று மட்டும் சொன்னேன்.

வழி தற்செயலாகக் கிடைத்தது. ஒரு நாள் திருப்பலியில் உபதேசியார் கைமணியை ஆட்டினார். கோவிலைப் பார்த்துக்கொள்பவர் அவர். பீடத்தில் மணி அடிப்பதும் அவர்தான். ஆட்டி நிறுத்திய பிறகு மணி மெல்ல இழுத்து அடங்கும் வரைக்கும் ஸ்பீக்கரில் ஃபேன் இரைச்சலும் கேட்டது, அப்புறம் அதுவும் அடங்கியது. கேட் திறக்கத்தான் பெரிய சத்தம் வேண்டும். திறந்த பிறகு ஃபேனைவிடச் சற்றே பெரிய சத்தம் தொடர்ந்து வந்தாலே அது மூடாமல் நிற்கும். இது புரிந்தபோது கீபோர்டில் அடுத்த பாட்டை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

உபதேசியாரிடம் போய், இனி சிலுவைப்பாதையில் ஒவ்வொரு நிலைக்கும் வாசக மேடை மைக்குக்குப் பக்கத்தில் நின்று மணியை ஆட்ட வேண்டும், மணி அடங்குவதற்குள் என் கணவர் வாசிக்கத் தொடங்கிவிடுவார் என்று விளக்கினேன்.

"இன்னாம்மா, வூட்டுக்காரருக்கு மணி கட்டச் சொல்ற. அவரு இன்னா உழவு மாடா?" என்றார்.

"கட்டுங்களேன், பரவால்ல. எங்கனா தொலஞ்சி போனாலும் கண்டுபுடிச்சிக்கலாம்" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மணி அடித்தது, கேட் திறந்தது, அவர் குரல் வந்தது. காற்றுக் குரல்தான், ஆனால் கடைசிப் பெஞ்சு வரை போனது. நடுவில் மூச்சு வாங்க நின்றால் கேட் மூடிக்கொள்ளும். அதனால் அவர் நிற்காமல் வாசிக்கப் பழகினார். வீட்டில் மாட்டுக் கொட்டகையில் நின்று பழகுவார், நான் உள்ளேயிருந்து கேட்பேன். தவக்காலத்தின் கடைசி வெள்ளிக்கிழமை ஃபாதர் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து கேட்டார். பெரிய வெள்ளி இவருக்கே என்று சொல்லிவிட்டார். அன்று இரவு இவர் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

பெரிய வியாழன் சாயங்காலத் திருப்பலியில் உன்னதங்களிலே பாட்டுக்கு எல்லா மணிகளும் சேர்ந்து அடித்தன. நான் உற்சாகமாக வாசித்தேன். பாட்டு முடிந்ததும் உபதேசியார் கைமணியை ஒரு துணியில் சுற்றி உள்ளே எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கையில் மரக்கட்டை. வியாழன் சாயங்காலத்திலிருந்து சனிக்கிழமை இரவுப் பாஸ்கா வழிபாடு வரைக்கும் கோவிலில் மணி அடிக்கக் கூடாது, மரக்கட்டையைத்தான் தட்ட வேண்டும். பிறந்ததிலிருந்து நான் பார்த்துவரும் வழக்கம் அது. எனக்குத் தெரியும், உபதேசியாருக்குத் தெரியும், ஃபாதருக்குத் தெரியும், ஊரில் கைக்குழந்தை தவிர எல்லாருக்கும் தெரியும். மணியை நம்பிப் பெரிய வெள்ளியைத் திட்டம் போட்டபோது எங்களில் ஒருவருக்கும் அது நினைவில்லை. கீபோர்டின் மேல் துணியைப் போட்டு மூடினேன். பெரிய வெள்ளியன்று கீபோர்டும் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆளில்லாத கோவிலில் நானும் என் கணவரும் உபதேசியாரும் சோதித்துப் பார்த்தோம். உபதேசியார் மைக்கின் பக்கத்தில் கட்டையைத் தட்டினார். மணிபோல் அது இழுத்து ஒலிக்கவில்லை. தட்டியதும் நின்றது. கேட் திறந்த வேகத்தில் மூடியது. என் கணவர் மூச்சை இழுத்து முதல் வார்த்தையைத் தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. விடாமல் தட்டச் சொன்னேன். தட்டினால் கட்டைச் சத்தம்தான் கேட்டது, இவர் கேட்கவில்லை. பொருத்தியவரின் போன் அணைந்திருந்தது. இவர் புத்தகத்தை மூடி மேடையில் வைத்தார்.

"உடுடி. பென்டிரைவே போடட்டும்" என்றார்.

"சும்மா இருங்க" என்றேன். அவர் மேல் கோபமில்லை. ஆனால் கத்தியது அவரிடம்தான்.

மத்தியானம் சேலையை மாற்றிக்கொண்டு கோவிலுக்கு வந்தபோது செயலாளர் முன்னாலேயே வந்திருந்தார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. கையில் பென்டிரைவ் செருகிய சின்ன பிளேயர். பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஒயரைத் தேடிக்கொண்டிருந்தார். ஜனங்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். என் கணவர் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"இன்னா பண்றீங்க?" என்று செயலாளரைக் கேட்டேன்.

"வேற ஓட்ட காலி இல்ல அண்ணி. உங்க கீபோர்டு இன்னிக்கு சும்மாதானே கெடக்குது? அந்த ஒயர கழட்டிட்டு இத சொருகிடறேன்."

அவர் கை மூன்றாவது இன்புட்டின் மேல் இருந்தது. பூட்டில்லாத இன்புட். கேட் இல்லாத இன்புட். புரொஃபஷனல் செட்டிங் என்று சொன்ன மனிதரோடு நின்று சண்டை போட்டு நான் வாங்கியது. தவக்காலம் முழுக்க அதில் என் கீபோர்டு உட்கார்ந்திருந்ததால், அந்த இடம் காலியாகும் என்றே எனக்குத் தோன்றவில்லை. மணியை எடுத்துக்கொண்டு போன அதே வழக்கம்தான் இதைக் காலி செய்து வைத்திருந்தது.

செயலாளரின் கையைத் தட்டிவிட்டேன். பெரிய வெள்ளியன்று அப்படிச் செய்திருக்கக் கூடாது, செய்துவிட்டேன். கீபோர்டின் ஒயரைப் பிடுங்கி, வாசக மேடை மைக்கின் ஒயரை அதில் செருகினேன். மூன்றாவது இன்புட்டில் லைன் என்று இருந்ததை மைக் என்று மாற்றினேன். மைக்கிலிருந்து வரும் சத்தத்தைக் கூட்டும் கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஸ்பீக்கர் ஊய் என்று கத்தத் தொடங்கியதும் ஒரு சுற்று இறக்கினேன். உடனே கோவில் முழுக்க உய்யென்று மின்விசிறிகளின் இரைச்சல் நிறைந்தது.

"அண்ணி, ஃபேன் சத்தம்" என்றார் செயலாளர் பதறிப்போய்.

"ஃபேன நிறுத்துங்க."

"இந்த வெயில்லயா?"

பீடத்துப் பக்கம் வந்திருந்த ஃபாதர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "நிறுத்துங்க" என்றார். செயலாளர் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். அவர் அணைத்துக்கொண்டிருந்தபோது நான் கடைசித் தூண் வரைக்கும் நடந்து போய், "வாங்க, உங்க எடத்துக்கு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என்னோடு வந்தார்.

அவர் வாசித்தார். ஜனங்கள் வியர்வையில் நனைந்து நின்றார்கள். பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள், கொஞ்ச நேரத்தில் அதையும் நிறுத்திவிட்டார்கள். கேட் இல்லாததால் எல்லாம் கேட்டது. வார்த்தை கேட்டது, வார்த்தைக்கு நடுவே அவர் எச்சில் விழுங்குவது கேட்டது, தாள் திருப்புவது கேட்டது, அறுவை செய்த தொண்டையில் காற்று உரசிக்கொண்டு போவது கேட்டது. நிற்காமல் வாசிக்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. வேண்டிய இடத்தில் நின்றார். நின்றபோதும் அவர் அங்கே இருப்பது ஸ்பீக்கரில் தெரிந்தது.

இயேசு உயிர்விடும் இடம் வந்தது. அந்த வரியை வாசிப்பது இவருடைய பங்கு. வாசித்து முடித்ததும் வழக்கப்படி எல்லாரும் மண்டியிட்டோம். யாரும் பேசக் கூடாத நேரம் அது. அவரும் மேடைக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். மைக் தலைக்கு மேலே இருந்தது. அப்படியும் அவர் மூச்சு எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. மெலிதாகச் சீழ்க்கை மாதிரி ஒரு மூச்சு, அப்புறம் இன்னொன்று. எனக்கு முன்னாலிருந்தவர்களின் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தேன். நான் கீபோர்டின் துணியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அறுவை சிகிச்சை நடந்த நாளிலிருந்து நான் அழவில்லை. அன்றுதான் அழுதேன்.

வழிபாடு முடிந்து செயலாளர் என்னிடம் வந்தார். "மூச்செல்லாம் கேட்டுது அண்ணி" என்றார். குறையாகச் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா, தெரியவில்லை. பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஃபாதர் என் கணவரைக் கூப்பிட்டு, ஈஸ்டர் காலைத் திருப்பலியில் முதல் வாசகத்தையும் அவரே வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் சந்தோஷமாக இருந்தார். எனக்குத்தான் எரிச்சல் திரும்பி வந்தது. ஈஸ்டருக்குக் கீபோர்டு வேண்டும். கேட் இல்லாத இன்புட் ஒன்றுதான். பொருத்தியவர் அடுத்த வாரம் வருகிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தார். அந்த அடுத்த வாரம் எப்போது வரும் என்று கடைக்காரர்களோடு பழகிய யாருக்கும் தெரியும்.

ஈஸ்டர் காலையில் மணிகள் திரும்பி வந்திருந்தன, மின்விசிறிகள் சுற்றின. மூன்றாவது இன்புட்டில் அவர் மைக்கை அப்படியே விட்டுவிட்டேன். அவர் வாசித்தார், எல்லாருக்கும் கேட்டது. ஃபேன் சத்தமும் கூடவே கேட்டது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் கீபோர்டை முதலாவதில் செருகியிருந்தேன். ஓங்கி அடித்த இடமெல்லாம் வந்தது. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் சுரம் கரையத் தொடங்கியதும் கேட் சாத்திக்கொண்டது. நான் கட்டைகளை அழுத்தி அழுத்தி வாசித்தேன். முடியும்போது விரல் வலித்தது.

திரும்பும்போது வண்டியை அவர் ஓட்டினார், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் எதையோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. முன்னால் சாய்ந்து, "இன்னா சொன்னீங்க?" என்றேன். அவர் கரும்புக்கொல்லை ஓரமாக வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"இன்னிக்கு பாட்டெல்லாம் ஏன் பாதியில அறுந்து போச்சி?"

"மூணாவதுல நீங்க இருந்தீங்க."

அவர் ஹேண்டில்பாரைத் துண்டால் துடைத்தார்.

"அடுத்த வாரம் அத நீயே எடுத்துக்க. நான் கத்திப் படிச்சிக்கிறேன்" என்றார்.

அதைச் சொன்னதே பாதி காற்றாகத்தான் வந்தது. எஞ்சின் அணைந்திருந்ததால் எனக்கு முழுசாகக் கேட்டது.

"வண்டிய எடுங்க" என்றேன்.